குடிக்காதவரின் கல்லீரல்

முதலில் காட்டிக் கொடுத்தது என் கணவரின் பெல்ட்தான். இரண்டே வாரத்தில் இரண்டு துளை தள்ளிப் போட்டார். முகம் வற்றிக்கொண்டே போனது, வயிறு மட்டும் முன்னால் வந்தது. வலது விலாவுக்குக் கீழே யாரோ முட்டியை வைத்து அழுத்துவது போல் இருக்கிறது என்றார். சோறு பாதித் தட்டோடு நின்றது.

அவர் பெயர் குணசேகரன். மலேசியாவில், ஈப்போவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் இருக்கிறோம். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் இதே நோய் இருக்கலாம். ஆறுதல் சொல்ல வேறு ஆட்கள் இருப்பார்கள். நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் பார்த்த தனியார் கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. காலும் வீங்கியபிறகு அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்தவர் தமிழ் டாக்டர், சின்ன வயது. நம்மவர் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வயிற்றைத் தட்டிப் பார்த்தார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"அண்ணே, எவ்ளோ நாளா குடிக்கிறீங்க? மறைக்காம சொல்லுங்கலா."

"குடிக்கிறதில்ல டாக்டர்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்று கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டில் போத்தல் இருந்தால் தூக்கி வீசுங்கள் அக்கா என்றார்.

அது பதிவில் ஏறிவிட்டது. அதன்பிறகு எந்த அறைக்குப் போனாலும் அது எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் பெருத்திருக்கிறது, மகோதரம் (வயிற்றுக்குள் நீர் கோத்துக்கொள்வது) என்றார்கள். காரணம் கேட்டால், காரணம்தான் ஏற்கெனவே எழுதியாகிவிட்டதே. பனைமரத்துக்குக் கீழே நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள். இவர் மரத்துக்குக் கீழேகூட நிற்கவில்லை. தமிழனாக, கறுப்பாக, வயிறு வீங்கி நின்றார். அவர்களுக்கு அது போதும்.

இவருடைய அப்பா ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்தே இறந்தார். அதனால் என் கணவர் கல்யாண விருந்தில்கூட பீர் போத்தல் இருக்கும் மேசையில் உட்கார மாட்டார். பதினாறு வருடம் கூடவே வாழ்ந்த எனக்கு இது தெரியும்.

தெரிந்தும் சந்தேகப்பட்டேன். டாக்டர் மேல் இருக்கும் கோபத்தைவிட இந்தக் கோபம் பெரியது. வேலை விட்டு வந்ததும் அவர் சட்டையை முகர்ந்து பார்த்தேன். மோட்டார் சைக்கிள் சீட்டைத் தூக்கித் தேடினேன். ஒன்றும் அகப்படாதபோது, கெட்டிக்காரத்தனமாக மறைக்கிறார் என்று நினைத்தேன். படித்த டாக்டர் பொய் சொல்வாரா என்ன?

என் அண்ணனிடம் அழுதேன். "மச்சான முனியாண்டிகிட்ட கூட்டிட்டுப் போய்க் கயிறு கட்டிடுவோம்" என்றார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது தெரிந்த விஷயம். குடிக்கிறவர் சாமி முன்னால் சத்தியம் செய்து மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வார். கயிறு இருக்கும்வரை தொடக் கூடாது. தொட்டால் சாமி அடித்துவிடும்.

அவர் பிறந்த தோட்டத்துக்கே போனோம். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது, கோயில் மட்டும் இருக்கிறது. முனியாண்டிக்குச் சுருட்டும் ஒரு சாராயப் போத்தலும் வைக்க வேண்டும். அண்ணன் காரை நிறுத்த, என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கடைக்குப் போய் வாங்கி வந்தார். வாழ்க்கையில் அவர் வாங்கிய முதல் போத்தல் அது.

பூசாரி சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னார்: "இனிமே தொட மாட்டேன்." தொட்டதே இல்லாத ஒன்றைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுக் கையை நீட்டினார். நான் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். திரும்பி வரும்போது அண்ணன் மட்டும் பேசிக்கொண்டு வந்தார். தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடு, சரியாகிவிடும் என்றார்.

பத்து நாளில் மூச்சு விட முடியாமல் போனது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே வந்த நிபுணர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. பதிவைப் படித்தார். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, என்னிடம் கேட்காமல் அவரிடமே எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். குடிப்பதில்லை என்று இவர் சொன்னதும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். நம்புவதற்கு அவருக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

டாப்ளர் ஸ்கேன் (ரத்தக்குழாயில் ரத்தம் ஓடுகிறதா என்று காட்டும் ஸ்கேன்) எடுத்தார்கள். பட்–கியாரி நோய் என்றார்கள். கல்லீரலுக்குள் போகும் ரத்தம் வெளியே வருகிற குழாய்கள், கட்டி தட்டிய ரத்தத்தால் அடைத்துக்கொள்ளும் நோய் இது. மிகவும் அரிது. எலும்பு மஜ்ஜை (எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம்) தேவைக்கு மேல் ரத்த அணுக்களை உண்டாக்கியதுதான் இவருக்கு மூல காரணம். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சீக்கிரம் வந்திருந்தால் சிகிச்சை இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்றார் அந்த டாக்டர். நாங்கள் சீக்கிரமாகத்தான் வந்தோம் என்றேன். அவர் பதிவைத் திருப்பி முதல் தேதியைப் பார்த்தார். மூன்று மாதம் போய்விட்டிருந்தது.

அன்று மாலை கட்டிலருகே உட்கார்ந்து, கயிறு கட்ட ஏன் கையை நீட்டினீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"நீயே நம்பல. அப்புறம் சாமிகிட்ட போயி சண்ட போட்டு என்னா ஆவப் போவுது?"

வயிற்று நீரை வடித்தார்கள். பிறகு கோலாலம்பூருக்கு அனுப்பி, கழுத்து வழியாக உள்ளே போய்க் கல்லீரலுக்குள் ஒரு குழாய் வைத்தார்கள் (அடைபட்ட ரத்தம் வெளியேறக் குறுக்குவழி). கயிற்றை நர்ஸ் கத்தரித்துப் போட்டார்.

இனி நீங்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும். எத்தனை வருடம்? நானும் கேட்டேன். முன்பெல்லாம் பலர் சில வருடங்களைக்கூடத் தாண்டியதில்லை. இப்போது மருந்தை விடாமல் எடுத்து, குழாயும் அடைக்காமல் இருந்தால், நீண்ட காலம் வாழ்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். எண்ணாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஈரல் ஒரு பக்கம், மஜ்ஜை இன்னொரு பக்கம், இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரல் கைவிட்டால் மாற்று ஈரல்தான் வழி, அது எளிதில் கிடைக்காது.

வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) ஆயுளுக்கும் உண்டு. ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், குழாய்க்காகவும் ஈரலில் கட்டி ஏதும் முளைக்கிறதா என்பதற்காகவும். கீரையை நிறுத்தாதீர்கள், அளவை மாற்றாமல் சாப்பிடுங்கள் (அளவு மாறினால் மாத்திரையின் வேகமும் மாறும்). சொந்தக்காரர் கொண்டு வருகிற வேர், இலை, சாறு எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். என் அண்ணனோடு நான் இதற்காக ஒரு வருடம் பேசவில்லை.

குழாய் வைத்தவர்களுக்குச் சில நேரம் புத்தி தடுமாறும் (ஈரல் வடிகட்டாத நச்சு மூளைக்குப் போவதால்). ஒருநாள் காலை மார்க்கெட்டில் இவருக்கு நாக்கு குழறி, கால் தள்ளாடியது. காலையிலேயே ஏற்றிவிட்டான் பார் என்று யாரோ சொன்னார்கள். நான் மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினேன். இவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை என்று மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

இது ஐந்தாவது வருடம். இந்தக் கட்டுரையை இதுவரை எழுதி, போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் மாதிரி மெதுவாகப் படித்தார்.

"குடிச்சதில்ல, குடிச்சதில்லன்னு எத்தன தடவ எழுதியிருக்கே?"

"உண்மைதானேங்க."

"சரி, குடிச்சிருந்தா? எங்கப்பா குடிச்சாரு. அவருக்கும் வயிறு இப்படித்தான் வீங்குச்சு. ஆஸ்பத்திரில நடைபாதையில போட்டு வச்சாங்க. குடிகாரன்தானேன்னு நாங்களும் போயி கேக்கல." தாள்களை என்னிடம் நீட்டினார். "குடிகாரனுக்கு வலிக்காதா?"

தாள்களை வாங்கிக்கொண்டேன். ஐந்து வருடமாக நான் கோபப்பட்டதெல்லாம் இவரைக் குடிகாரராக நினைத்ததற்குத்தான். குடிகாரரை அப்படிக் கிடத்தலாம் என்பதில் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை.

அவர் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். தினமும் காலையில் அவர் வயிற்றை டேப்பால் அளக்கிறேன், நீர் சேர்கிறதா என்று தெரிந்துகொள்ள. ஒரு நாள் என்பது இப்போது எங்களுக்கு இந்த அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் இருப்பது. முந்தின நாள் இருந்த அதே அளவுதான் இருந்தது. டேப்பைச் சுற்றும்போது, நான் ஒருநாளும் பார்த்திராத என் மாமனாரின் வயிறு நினைவுக்கு வந்தது. அதில் கை வைத்துப் பார்க்க அன்று ஓர் ஆள்கூட இல்லை.