இலை மூட்டைகளுக்குப் பின்னால்

எங்கள் ஊர்த் தமிழ்த் தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அக்டோபர் வந்துவிட்டால் ஒரே களேபரம்தான். ஒருவர் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைத்த படத்தைப் போடுவார். "அதுக்குள்ளயா? இன்னும் குளிரே வரலையே" என்று நாலு பேர் பதறுவார்கள். இன்னொருவர் பிரித்துப்போட்ட புடலைப் பந்தல் பைப்புகளை வைத்துச் செருப்பு ஸ்டாண்டு செய்திருப்பார். அது நிற்க மாட்டாமல் சாய்வதை அவர் மனைவியே வீடியோ எடுத்து அனுப்பியிருப்பார். நானும் இப்போது அந்தக் குழுவில் இருக்கிறேன். எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. யாராவது வந்து, "கம்போஸ்ட்டுக்கு இலை எங்க கிடைக்கும்?" என்று கேட்டால் மட்டும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நியூ ஜெர்சிக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அம்மா விவசாயம் படித்தவள். பொள்ளாச்சிப் பக்கம் விவசாய அலுவலராக வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். அப்பாவின் விசாவை ஒட்டிக்கொண்டு வந்ததால் இங்கே வேலைக்குப் போக அவளுக்கு அனுமதி கிடையாது. சும்மா உட்காரத் தெரியாத அம்மா, படித்த படிப்பையெல்லாம் எங்கள் வாடகை வீட்டின் பின்பக்கத்தில் இறக்கினாள். இரண்டே வருஷத்தில் குழுவில் அவள்தான் எல்லாருக்கும் அக்கா. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை எங்கள் கராஜில் எல்லாரும் கூடுவார்கள். தலை நரைத்த அங்கிள்கள்கூட நோய் வந்த இலையை ஜிப்லாக் பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி அம்மா முன்னால் வரிசையில் நிற்பார்கள். அம்மா அந்த இலையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, தண்ணீர் அதிகம் என்றோ சுண்ணாம்பு போதவில்லை என்றோ சொல்லுவாள். வாரம் முழுக்க ஒடுங்கியிருக்கும் அவள் குரல் அன்றைக்குக் கணீரென்று இருக்கும்.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பெரிய வேலை உண்டு. இங்கே இலையுதிர் காலத்தில் வீட்டுக்காரர்கள் இலைகளை வாரி, ஆளுயரத்தில் பாதி இருக்கும் பழுப்புக் காகிதப் பைகளில் அடைத்துத் தெரு ஓரமாக வைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை ஊராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். லாரிக்கு முன்னால் அம்மா போய்விடுவாள். "தங்கத்தக் கட்டி ரோட்டுல வெச்சுட்டுப் போறாங்க பாரு கண்ணு" என்பாள். பூண்டு நட்ட பாத்திக்கு மேலே அந்த இலையைத்தான் போர்வையாகப் போடுவாள். மிச்சத்தை மக்கவைத்துக் கம்போஸ்ட் உரமாக்குவாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம், அம்மா குளிருக்கு மங்கி கேப்பை மாட்டிக்கொள்ள, வேனை எடுப்போம். பையை அம்மா தூக்க, நான் உள்ளேயிருந்து இழுக்க வேண்டும். மேப்பிள் இலை முதல் தரம். வால்நட் இலை கூடவே கூடாது, தக்காளி பட்டுப்போகும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: புல்லுக்கு மருந்து அடித்த வீட்டுப் பையைத் தொடக் கூடாது. மருந்து அடித்த கம்பெனிக்காரர்கள் புல்வெளி ஓரத்தில் சின்ன மஞ்சள் கொடி ஒன்றைக் குத்திவிட்டுப் போவார்கள். கொடி தெரிந்தால் அம்மா வேகத்தைக்கூடக் குறைக்க மாட்டாள்.

அந்த வருஷம்தான் நான் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்குப் போயிருந்தேன். முதல் ஆறு வாரம் மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிட்டேன். எதிரே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுவது எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம் ஒருநாள் ஹன்னா என்ற பெண் தன் மேஜைக்கு என்னைக் கூப்பிட்டாள். என்ன பார்த்துக் கூப்பிட்டாளோ, அந்த நாற்காலி கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைக் காப்பாற்றிக்கொள்ள நான் என்ன வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தேன்.

இரண்டாவது வாரம் அந்த மேஜையில் ஒரு பெண், தன் தெருவில் ஒரு லேடி வேனில் வந்து குப்பை திருடிக்கொண்டு போகிறாள் என்றாள். தங்கள் தெருவுக்கும் வருகிறாள், மங்கி கேப் போட்டிருப்பாள் என்று ஹன்னா கையால் தலையைச் சுற்றிக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அதோடு விட்டேனா? "அந்தக் குப்பைய வெச்சு என்ன பண்ணுவா?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி இங்கிலீஷில் கேட்டும் வைத்தேன்.

ஹன்னாவின் வீடு நான் நடந்து வரும் வழியில்தான் இருந்தது. வாசலில் இரண்டு பெரிய மேப்பிள் மரங்கள். அம்மா எப்படியும் சனிக்கிழமை அங்கே வருவாள். போகாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். யோசித்து யோசித்து, வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும்போது இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுப் புல்வெளியில் இருந்த மஞ்சள் கொடியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஹன்னா வீட்டு முன்னால் ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்து, அதைப் புல்லில் குத்தினேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே ஒரே பெருமை. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் தைரியமாக வேனில் ஏறி உட்கார்ந்தேன். வேறு தெருக்களில் நாலு மூட்டை ஏற்றிக்கொண்டு ஹன்னாவின் தெருவுக்குள் திரும்பினோம். கொடி தெரிந்தது. வேன் மெதுவானது. அதோடு நின்றும்விட்டது.

அம்மா இறங்கிப் போய்ப் புல்லைப் பார்த்தாள். குனிந்து எதையோ கிள்ளிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். டான்டிலியன் இலையும் க்ளோவரும், புல்லுக்கு நடுவே முளைக்கும் களைகள்.

"மருந்தடிச்சா இதெல்லாம் இந்நேரம் சுருண்டிருக்கும் கண்ணு. இங்க நல்லாத் தளதளன்னு நிக்குது. யாரோ கொடிய மாத்தி வெச்சுட்டாங்க போல. சின்னக் குழந்த இருக்கற வூடு, பார்த்தாப் பயந்துருவாங்க. ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தர்றேன்."

புல்லில் ஹன்னாவின் தம்பியுடைய மூன்று சக்கர சைக்கிள் கிடந்தது. நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அம்மா கொடியைப் பிடுங்கிக்கொண்டு படியேறி பெல்லை அடித்துவிட்டாள். சீட்டைத் தாண்டிப் பின்னால் விழுந்து, இலை மூட்டைகளுக்குப் பின்னால் முட்டியை மடக்கி உட்கார்ந்துகொண்டேன். பக்கவாட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அதன் வழியாக ஹன்னா வீட்டு வாசல் தெரிந்தது, அங்கே பேசியது எல்லாம் காதில் விழுந்தது.

கதவைத் திறந்தது ஹன்னாவின் அம்மா. ஹன்னாவும் அவள் தம்பியும் பைஜாமாவோடு பின்னாலேயே வந்தார்கள். அம்மா தன் நிதானமான இங்கிலீஷில் கொடியைப் பற்றியும் களைச்செடி பற்றியும் சொன்னாள். அந்த அம்மாள் நான் நினைத்தது போல முகத்தைச் சுளிக்கவில்லை. நன்றி சொன்னாள், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள், அப்புறம் ட்யூலிப் கிழங்கையெல்லாம் அணில் தோண்டித் தின்கிறதே என்ன செய்வது என்று கேட்டாள். மண்ணில் மிளகாய்த்தூள் தூவச் சொன்னாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். கராஜில் கேட்கும் அதே கணீர்க் குரலை முதல் தடவையாக வெளியாள் வீட்டு வாசலில் கேட்டேன். சீக்கிரம் வந்து தொலையேன் என்று மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இலைதானே வேண்டும், இதோ எட்டுப் பை இருக்கிறது, ஹன்னா தூக்கித் தருவாள், எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அந்த அம்மாள். ஹன்னா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி வந்தாள். அவள் காலடியில் இலை நொறுங்கும் சத்தம் கிட்டத்தில் கேட்டது. நான் இன்னும் உள்ளே ஒடுங்கினேன். ஒரு மூட்டை அசைந்தது. வேனுக்குள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஹன்னா கேட்டாள்.

மூட்டைகளின் இடுக்கு வழியாக அம்மாவின் முகம் எனக்குத் தெரிந்தது. முன் சீட்டைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. பிறகு மூட்டைகளைப் பார்த்தாள். கையிலிருந்த மஞ்சள் கொடியைப் பார்த்தாள்.

"நோ, நோ. நோபடி. ஒன்லி லீவ்ஸ்" என்றாள்.

வண்டி நிறைந்துவிட்டது, இன்னொரு நாள் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். நாலே மூட்டை இருந்த வேன் அது. பக்கவாட்டுக் கதவை மெதுவாக இழுத்துச் சாத்திவிட்டு வந்து வண்டியை எடுத்தாள்.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. சந்தோஷமாக இருந்தது. தப்பித்தோமடா சாமி என்று இருந்தது. இன்றைக்கு நினைத்தால் கூசிப்போகிறது.

தெரு முனை தாண்டியதும் அம்மா கேட்டாள். "எந்த வூட்டுல புடுங்குனே?"

நான் மூட்டைகளுக்கு நடுவிலிருந்தே வழி சொன்னேன். அந்த வீட்டு முன்னால் இறங்கி, கொடியைப் பழைய ஓட்டையிலேயே குத்தி, செருப்புக் காலால் மண்ணை அழுத்தி மூடினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திரும்பி வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தவள், மங்கி கேப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை முட்ட, கொடியைப் பிடுங்கியதற்கு ஸாரி சொன்னேன். இனிமேல் செய்ய மாட்டேன் என்றேன். கொடி இல்லாமல், மருந்தடித்த அந்தப் புல்லில் குழந்தைகள் விளையாடினால் ஆபத்து என்பது எனக்குத் தோன்றவே இல்லை என்று நீளமாக வேறு விளக்கினேன்.

"செரி கண்ணு. முன்னாடி வந்து பெல்ட் போடு" என்றாள்.

மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன். நான் கேட்க வேண்டிய மன்னிப்பு வேறு என்பது அந்தப் பதினொரு வயது மண்டைக்குள் ஏறவே இல்லை.

மதியம் கராஜில் கூட்டம். சட்டியில் போண்டா வெந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் இலை ஏன் இவ்வளவு கம்மி, அந்த மேப்பிள் தெருவுக்குப் போகலையா அக்கா என்று ஓர் அங்கிள் கேட்டார். "அங்க மருந்தடிச்சுட்டாங்க. யாரும் எடுக்காதீங்க" என்றாள் அம்மா. அக்கா சொன்னால் அதற்கு அப்புறம் பேச்சேது. எல்லாரும் தலையாட்டினார்கள். மண் விஷயத்தில் வாய்தவறிக்கூடப் பொய் சொல்லாதவள் அவள். அந்த வருஷம் பாதிப் பூண்டுப் பாத்தி மூடாமலே கிடந்தது; பனியில் மண் உப்பி, நட்ட பூண்டு வெளியே கிளம்பி வந்துவிட்டது.

திங்கட்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஹன்னா அந்த லேடியைப் பற்றியே பேசினாள். மிளகாய்த்தூள் போட்டார்களாம், அணில் கிட்டேயே வரவில்லையாம். அவள் எல்லாம் தெரிந்தவள், ரொம்ப கூல், இன்னொரு தடவை வந்தால் நன்றாக இருக்கும் என்றாள். அவள் என் அம்மா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அப்போது வேனில் இருந்தது யார் என்று கேட்பாள். வாயில் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அம்மாவும் அந்தத் தெருப்பக்கம் பிறகு போகவே இல்லை.

நவம்பரில் குளிர் ஏறியதும், நான் நடந்து வர வேண்டாம், வேனில் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்றாள் அம்மா. மற்ற அம்மாக்கள் எல்லாரும் பள்ளி வாசலில் கார்களை வரிசையாக நிறுத்திக் காத்திருப்பார்கள். அம்மா இரண்டு தெரு தள்ளி, போஸ்ட் ஆபீஸுக்குப் பின்னால் நிறுத்தினாள். "அங்க லைன் ரொம்பப் பெருசு கண்ணு, நீ நடந்து வந்துரு" என்றாள். அந்தப் பள்ளியில் படித்த மூன்று வருஷமும் அப்படித்தான். மழையிலும் பனியிலும் அந்த இரண்டு தெருவைப் பை தூக்கிக்கொண்டு நடக்கும்போது, எல்லார் அம்மாவும் காத்திருக்கிறார்கள், இவளுக்கு மட்டும் கொஞ்சம் லைனில் நிற்கப் பொறுமை இல்லையே என்று அம்மாமேல் எனக்கு அப்படிக் கோபம் வரும்.