மஞ்சள் சட்டைக்காரன் விட்ட வழி

எங்கள் டீம் மேனேஜர்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. என்மேல் இருப்பதும்தான்.

அது பல நாள் ஓடும் சைக்கிள் பந்தயம். அன்று அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலையேறி மேலேயுள்ள கியா பார்மில் முடிக்க வேண்டும். வழியில் ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் நான் பிறந்த தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகளை ஒட்டித்தான் பாதை போகும். சைக்கிள்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுடைய சொந்த ஊர் வந்தால் அவனை முன்னால் விடுவார்கள். வீட்டாரைக் கட்டிப்பிடித்துவிட்டு அவன் மறுபடி கூட்டத்தில் சேர்ந்துகொள்வான். அந்த இடைவெளியில் ஜெயிக்கப் பார்ப்பது துரோகம்.

பந்தயத்தில் முதலிடத்தில் இருந்தவனுக்கு மஞ்சள் சட்டை. வெளிநாட்டுக்காரன். அவனிடம் கேட்டேன்.

"அம்மாவா? போ, போ!" சிரித்தபடி கையைத் தூக்கி, பின்னால் வந்தவர்களை அடக்கினான்.

அம்மா கொழுந்து வெட்டுகிற வேலையை விட்டு ஓடிவந்திருந்தார். காலில் ரப்பர் பூட்ஸ். சுற்றிலும் லைன் சனம். நான் வேகத்தைக் குறைத்தேன்.

காதிலிருந்த ரேடியோவில் மேனேஜர் கத்தினார். "நிக்காத! அவனுங்க மெதுவா வர்றானுங்க. அடிச்சு ஏறு!"

"பாஸ், அவன் எனக்காக வழி விட்டிருக்கான்."

"நின்னா அடுத்த வருஷம் டீம்ல இடமில்ல லா!"

மிதித்தேன். அம்மா நீட்டிய கை தோளில் உரசியது.

அடுத்த ஊரான தானா ராத்தாவுக்கு முன்பே பின்னால் வந்தவர்கள் என்னைப் பிடித்துவிட்டார்கள். அதன்பிறகு காற்றுக்கு ஒதுங்க ஒருவனும் தன் பின்னால் இடம் தரவில்லை. தோளால் இடித்து ஓரத்துக்குத் தள்ளினார்கள். கடைசி ஆளாக ஏறி வந்தேன்.

"முயற்சி பண்ணோம், பரவால்ல லா," என்றார் மேனேஜர். சைக்கிளை அவர் காலடியில் போட்டேன். "எங்கம்மாவ வச்சு ஏமாத்த சொன்னீங்களே, வெக்கமா இல்ல?" என்று எல்லார் முன்னும் கத்தினேன். டீமை விட்டு விலகுவதாகவும் சொன்னேன்.

மஞ்சள் சட்டைக்காரனிடம் மன்னிப்புக் கேட்டேன். "உன் அம்மாகிட்ட கேளு," என்று திரும்பிக்கொண்டான்.

சாயங்காலம் லைனுக்குப் போனேன். வாசலில் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த வேகத்துல என்னை எப்படிப் பாப்பான்?"

"பாத்தேம்மா," என்றேன்.

அம்மா உள்ளே போனார்.