அந்தோனி யார், ரொபட் யார்?

சகோதரங்களே, போன வருடம் மழைக்காலத்தில் என் கணவர் வேலை செய்யும் இராணுவ முகாமிலிருந்து போன் வந்தது. "அந்தோனிகே நோனாத?" என்று சிங்களத்தில் கேட்டார்கள், அந்தோனியின் மனைவியா என்று. பயத்தில் ஓம் என்றேன்.

கணவர் ரொபட் அங்கே லொறி ஓட்டுகிறார். சொல்லாமல் கொள்ளாமல் மூன்று தரம் முகாமை விட்டுப் போனாராம். மூன்றும் அவருடைய சேவைக் கோப்பில் குற்றமாகப் பதிவாகிவிட்டதாம். விசாரணை முடியும்வரை வெளியே விடமாட்டார்கள். குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். எனக்கு நம்பவே முடியவில்லை. லீவு எடுத்து வாருங்கள் என்று கெஞ்சினாலும் வராத மனிதர் அவர். பிள்ளை முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கே வரவில்லை. அதற்கு நான் போட்ட சண்டை ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

பஸ் ஏறி முகாமுக்குப் போனேன். கோப்பை வெளியாட்களுக்குக் காட்ட முடியாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரொபட்டுடன் கொஞ்சம் போனில் கதைக்க மட்டும் விட்டார்கள்.

"நான் எங்கயும் போகேல்லை. சொன்னா ஆரும் கேக்கிறாங்கள் இல்லை. எழுதினது எழுதினதுதானாம்," என்று அழுதார். அவர் அழுது நான் கேட்டதேயில்லை.

செபமாலையைக் கையில் எடுப்பேன், செபம் வராது. "அம்மா, நீங்களும் கைவிட்டிட்டீங்களா?" என்று மாதாவிடம் கோபித்துக்கொண்டேன். வேறு யாரிடம் கோபிக்க முடியும்?

அந்தக் கிழமை கொட்டாஞ்சேனைக் கோயிலில் நவநாள் செபத்துக்குப் போய், 'அந்தோனி ரொபட்டுக்காக' என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். மன்றாட்டுகளை வாசிக்கும் பிலோமினா அக்கா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"பிள்ளை, இது ரெண்டு பேரோ? அந்தோனி ஆர், ரொபட் ஆர்?"

"ஒரு ஆள்தான் அக்கா. அந்தோனி எண்டது மாமான்ட பேர்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் எழுதுகிறோம். முகாமில் அதையே என் கணவரின் பெயராக்கிவிட்டார்கள். அங்கே உண்மையாகவே அந்தோனி என்று இன்னொருவர் இருந்தால்?

அடுத்த முறை போன் எடுத்தபோது ரொபட்டிடம் கேட்டேன். "ஓம், சிலாபத்து அந்தோனி ஒருத்தன் இருக்கிறான்," என்றார். முகாமில் தன்னையும் அந்தோனி என்றே கூப்பிட்டுப் பழகிப்போனவருக்கு இது அதுவரை தோன்றவே இல்லை. விசாரணையில் அதைச் சொன்னார். அதிகாரி இரண்டு பேருடைய படை இலக்கங்களையும் ஒப்பிடச் சொன்னார். இலக்கத்தைப் பார்க்காமல், பெயரை மட்டும் பார்த்து, சிலாபத்து அந்தோனியின் குற்றத்தை ரொபட்டின் கோப்பில் எழுதியிருந்தார்கள்.

பதிவை அழிக்கமாட்டார்களாம். மேலே கோடு போட்டு, பக்கத்தில் கையொப்பம் வைத்தார்கள். கீழே இருப்பதை இன்னும் வாசிக்கலாம். பரவாயில்லை, ரொபட் வேலையில் இருக்கிறார். அக்காவின் வாயால் கேட்டது மாதாதான். அவளுக்குக் கோடி நன்றி.

செபம் வராத நாளிலும் கோயிலுக்கு வாருங்கள், சகோதரங்களே. கோபத்தோடாவது வாருங்கள். வந்தால் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். எங்கள் வீட்டை விட்டுப் போன தண்டனை சிலாபத்து அந்தோனியின் வீட்டுக்குப் போயிருக்கும். அவர் ஏன் மூன்று தரம் முகாமை விட்டுப் போனார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் மனைவி இருப்பாள். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காக என்னோடு சேர்ந்து மன்றாடுங்கள்.