பெயர் மறைத்து வந்த கட்டுரை

அந்தக் கட்டுரை என் மின்னஞ்சலுக்கு வந்தபோது துறை அறையில் நானும் என் தோழியும் மட்டும் இருந்தோம். கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் இருவரும் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறோம். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வடக்கே ஒரு நகரத்திலிருந்து வெளிவரும் ஆய்விதழ், ஒரு கட்டுரையைப் படித்து மதிப்பிட்டுத் தர முடியுமா என்று என்னைக் கேட்டிருந்தது. மானாவாரிக் கரிசல் புஞ்சையில் ஆட்டுக்கிடை போட்டால், அதாவது எருவுக்காக ஆடுகளை இரவில் அடைத்துவைத்தால், மண்ணில் ஈரம் கூடுதல் நாள் தங்குமா என்பதுதான் பொருள். முனைவர் பட்டத்துக்கு நான் ஆய்வு செய்ததும் அதைத்தான். நம் வேலையை எங்கேயோ யாரோ கவனித்திருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் உடனே ஒப்புக்கொண்டேன்.

இப்படி வரும் கட்டுரையில் எழுதியவர் பெயர் இருக்காது. மதிப்பிடுகிறவர் யார் என்பது எழுதியவருக்கும் தெரியாது. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நிபந்தனைகளும் உண்டு. கட்டுரையை யாருக்கும் காட்டக்கூடாது, அதைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது. அதோடு நமக்கு ஏதாவது தொடர்பு இருப்பதாகத் தெரிந்தால் இதழாசிரியரிடம் அப்போதே சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று குறியிட்டுவிட்டுத்தான் கோப்பைத் திறந்தேன்.

மூன்றாவது அட்டவணையில் கண் நின்றது. ஆறாவது மாதிரியின் ஈரப்பதம் மற்றவற்றைவிட ரொம்பக் கூடுதலாக இருந்தது. அந்த எண்ணை எனக்குத் தெரியும். புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம்வரை தெரியும். ஏனென்றால் அது என் தப்பு.

பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு புஞ்சையில் மண் எடுத்த நாட்கள் அவை. கிடை போட்டிருந்தவர்கள் புதூர்ப் பக்கத்து எங்கள் சொந்தக்காரர்கள். ஒருநாள் நான் துளைபோட்டு மண் எடுத்த இடத்தில், முந்தின நாள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிய தொட்டி கவிழ்ந்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, பேச்சுவாக்கில் கிடையில் இருந்த எங்கள் சித்தப்பா சொல்லித்தான் அது எனக்குத் தெரியவந்தது. குறிப்பேட்டை எடுத்து அந்த அளவைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் காரணத்தையும் எழுதிவைத்தேன். என் ஆய்வேட்டில் அந்த வரிசையே கிடையாது.

இந்தக் கட்டுரையிலோ அது இருந்தது. அதோடு விடவில்லை. அந்த ஈரம் எப்படி வந்தது என்று ஒரு பத்தி முழுக்க விளக்கம் வேறு. கரிசல் மண்ணின் வெடிப்புகள் வழியாக ஆழத்து ஈரம் மேலேறி வந்ததாம். ஆடு குடிக்காமல் கவிழ்த்துவிட்ட தண்ணீருக்கு இவ்வளவு பெரிய விளக்கமா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு அடங்கியதும், அந்த எண் இவர்கள் கைக்கு எப்படிப் போனது என்று யோசித்தேன்.

அடித்துத் திருத்துவதற்கு முந்தைய அட்டவணை மூன்று பேரிடம்தான் இருந்தது. ஒன்று நான். இன்னொருவர் என் நெறியாளர். பல்கலைக்கழகத்தில் பெரிய பேராசிரியர். மூன்றாவது ஆள் எதிர்மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

அப்போது என்னிடம் கணினி கிடையாது. அவளும் என்னோடு அதே நெறியாளரிடம்தான் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கோவில்பட்டி கடைத்தெருவில் அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இரும்புக்கடை. கடைக்கு மேலே அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, நான் வாசிக்க வாசிக்க என் எண்களையெல்லாம் அவள்தான் தன் மடிக்கணினியில் ஏற்றினாள். அவளுடைய அம்மா இடையிடையே டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைப்பார். அவள் கணினியிலிருந்துதான் நெறியாளருக்கும் கோப்பு போனது.

அன்றைக்கே இதழாசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் இருப்பது என் தரவு, என்னால் இதை மதிப்பிட முடியாது என்று இரண்டு வரி போதும். நான் எழுதவில்லை. எழுதினால் அவர்கள் விசாரித்துக்கொள்வார்கள், எனக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றிருந்தது.

நெறியாளர்மேல் சந்தேகமே வரவில்லை. அவர் பெயரில் அத்தனை கட்டுரைகள் இருந்தன, இது எதற்கு என்று நினைத்தேன். தோழிக்குத்தான் பதவி உயர்வுக்கான நேர்காணல் வரவிருந்தது. கட்டுரை ஒன்று அனுப்பியிருப்பதாகச் சொல்லியிருந்தாள். எந்த இதழுக்கு என்று கேட்டதற்கு, "மொதல்ல வரட்டும், வந்த பொறவு சொல்லுதேன்" என்றாள். கேட்டபோது சாதாரணமாகப் பட்ட அந்தப் பதில், இப்போது வேறு மாதிரி ஒலித்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் எனக்குத் தடயமாகிவிட்டது. நான் அறைக்குள் நுழையும்போது அவள் திரையை மாற்றினால் மறைக்கிறாள் என்று நினைத்தேன். மாற்றாவிட்டால் எனக்குத் தெரியாது என்ற தைரியம் என்று நினைத்தேன். ஆட்டுக்கிடையைப் பற்றி வேண்டுமென்றே பேச்சை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தேன். "ஏட்டி, ஒனக்கு இப்ப எதுக்கு அந்தக் கத?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். மத்தியானம் அவள் நீட்டிய குழம்பை வாங்கிக்கொண்டேன், ஆனால் சாப்பிடாமல் ஒதுக்கிவைத்தேன்.

ஒரு சனிக்கிழமை பேருந்து ஏறிப் பசுவந்தனைக்குப் போனேன். ஒருவேளை யாராவது புதிதாக வந்து மண் எடுத்திருந்தால்? அப்படியொரு சின்ன நம்பிக்கை. புஞ்சைக்கார அம்மா உளுந்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரே நல்ல மழைதான் பெய்திருந்தது; செருப்பில் கரிசல் அப்பிக்கொண்டு காலைத் தூக்க முடியவில்லை. எனக்குப் பிறகு மண் எடுக்க யாராவது வந்தார்களா என்று அவரிடம் கேட்டேன்.

"ஒனக்கு அப்புறம் ஒருத்தரும் வரலியே தாயி. வந்தா நாலு கேள்வி கேக்காம விடுவனா?" என்றவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்ப எதுக்குக் கேக்குத?"

கல்லூரியில் ஒரு விவரம் கேட்டார்கள் என்று பொய் சொன்னேன். கட்டுரையைப் பற்றிப் பேசக்கூடாது என்ற விதியை மீறவில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஆனால் துப்பு துலக்குவது என் வேலை இல்லை. ஊர் ஊராகப் போய் விசாரிக்க எந்த இதழும் என்னைக் கேட்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் ஒன்று மட்டும் உறுதியாகியிருந்தது. புதிதாக யாரும் மண் எடுக்கவில்லை, அந்த எண்கள் என்னுடையவைதான். அப்படியானால் அவள்தான் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த வாரம் வகுப்பு நேரத்தில் அறையில் யாரும் இல்லை. அவள் பென்டிரைவ் மேஜைமேல் கிடந்தது. எடுத்து என் கணினியில் செருகினேன். கட்டுரை என்று பெயரிட்ட கோப்பைத் திறந்தேன். குதிரைவாலி விதைகள் உப்புத் தண்ணீரில் எப்படி முளைக்கின்றன என்பதைப் பற்றியது அது. முழுக்க அவளுடைய வேலை. கோடை விடுமுறையில்கூட ஆய்வகத்துக்கு வந்து அவள் எண்ணிய விதைகள். எங்கேயும் ஆட்டுக்கிடை இல்லை, என் எண் ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டுத் திரும்பினால் வாசலில் அவள் நிற்கிறாள்.

"என்னட்டி பாக்குத?"

அவள் உள்ளே வந்து திரையைப் பார்த்தாள். பிறகு பென்டிரைவைத் தானே உருவி எடுத்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன். எம்பேப்பர எடுக்கவா வந்தே?"

"இல்லட்டி."

"பின்ன எதுக்கு?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டிருப்பாள். சொல்ல வேண்டுமானால், மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையைப் பற்றி வாய் திறக்க வேண்டும். உண்மையைச் சொல்வதென்றால் அந்த நேரத்தில் என்னைத் தடுத்தது விதி மட்டும் இல்லை. நீ திருடியிருப்பாய் என்று நினைத்தேன் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் வெளியே போய்விட்டாள். துறைத்தலைவரிடம் புகார் சொல்வாள் என்று நாலு நாள் பயந்துகொண்டிருந்தேன். அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோக ஆரம்பித்தாள். மத்தியானம் விலங்கியல் துறையில் போய்ச் சாப்பிட்டாள்.

அந்த வாரம்தான் இதழாசிரியருக்கு எழுதினேன். இது என் தரவு, சந்தேகம் வந்த நாளிலேயே சொல்லாமல் இருந்துவிட்டேன், ஊருக்குப் போய் விசாரித்தேன், இன்னொருவர்மேல் தவறாகச் சந்தேகப்பட்டேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். பென்டிரைவை எடுத்ததையும் விடவில்லை. சிவப்பு மையால் அடித்த பக்கத்தைப் படமெடுத்துக் கூடவே அனுப்பினேன்.

பதில் எழுதியவர் ஒரு பெண்மணி. கடுமையாக ஒன்றும் இல்லை. ஆனால் மழுப்பலும் இல்லை. முதல் நாளே நீங்கள் சொல்லியிருக்க வேண்டும், விசாரிப்பது எங்கள் பொறுப்பு, நீங்கள் தாமதித்ததால் இன்னொருவர் பெயருக்குக் களங்கம் வந்திருக்கும் என்று எழுதியிருந்தார். மதிப்பீட்டிலிருந்து என்னை விடுவித்துவிட்டார். விசாரணை முடியும்வரை யாரிடமும் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். நெறியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். பட்டம் வாங்கிய பிறகு அவர் என்னை அழைத்ததே இரண்டொரு தடவைதான். கல்லூரி எப்படி இருக்கிறது, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். அந்தக் கனிவே என்னை உஷாராக்கியது.

"உன் பழைய ஃபீல்டு நோட்டு இருக்காம்மா? கொஞ்சம் அனுப்பி வையேன்."

எதற்கு என்று கேட்டேன். ஒரு கட்டுரை அனுப்பியிருப்பதாகவும், இதழ்க்காரர்கள் களக்குறிப்பேட்டைக் காட்டச் சொல்வதாகவும் சொன்னார். அவருடைய ஆய்வகத்தில் நடந்த வேலை என்பதால் தரவு ஆய்வகத்துக்குச் சொந்தம் என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "உன் பேரும் சேர்க்கணும்னுதான் இருந்தேன், அவசரத்துல விட்டுப்போச்சு. இப்ப சேர்த்துடலாம்" என்றார்.

நான் யோசிக்காமல் பேசிவிட்டேன். "அந்த ஆறாவது மாதிரி தப்பு சார். தொட்டித் தண்ணி கவுந்த எடம். அன்னிக்கே அடிச்சாச்சு."

அவர் மெதுவாகக் கேட்டார். "அது இதுல இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "அதை நான் சொல்லக் கூடாது சார்" என்றேன். நோட்டை அனுப்ப மாட்டேன் என்றும், என் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். உன்னை இப்படி வளர்த்துவிட்டேன் பார் என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார். நான் வாய்தவறிப் பேசியதையும் அன்றைக்கே இதழாசிரியருக்கு எழுதிவிட்டேன். இந்தத் தடவை ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கவில்லை.

பிறகு கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்று ஒரு வரி அஞ்சல் வந்தது. அவருக்கு அதனால் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. சில கருத்தரங்குகளில் அவருடைய மற்ற மாணவர்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். அவர் என்னவோ சொல்லியிருக்க வேண்டும். அல்லது அதுவும் என் சந்தேகம்தானோ என்னவோ.

எழுதியவர் யார் என்பதைச் சொல்லாமல், நடந்ததை ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லலாமா என்று இதழாசிரியரிடம் அனுமதி கேட்டேன். உங்களால் பாதிக்கப்பட்டவரிடம் சொல்வதில் தடையில்லை என்று பதில் வந்தது. தோழி ஆய்வகத்தில் முளைவிட்ட விதைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பேரில் அவள் இல்லை என்றால் யார் என்பது அவளுக்குப் புரிந்திருக்கும்.

"எங்க வீட்டு மாடியில ஒக்காந்து ஒரு வரி விடாம நாந்தானடி ஏத்துனேன்" என்றாள். "அத்தன நாளு கூட ஒக்காந்து சாப்டுட்டு, என்னையவா அப்படி நெனச்ச?"

ஆமாம் என்றேன்.

"நானும் ஒன்னையத் திருடின்னுதான் நெனச்சேன்" என்றாள். "எங்கம்மா நீ ஏன் வீட்டுக்கு வரலன்னு கேட்டுக்கிட்டே இருக்காவ. என்ன சொல்லட்டும்னு தெரியாம, ஒனக்கு வேல ஜாஸ்தின்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. குதிரைவாலிக் கட்டுரையும் வெளியாயிற்று. அச்சில் வந்த பிறகுதான் எனக்குக் காட்டினாள். நான் குறை ஒன்றும் நினைக்கவில்லை. சில நாட்கள் சாயங்காலம் டவுன் பஸ்ஸுக்கு என்னோடு நடந்து வருகிறாள். சில நாட்கள், வேலை இருப்பதாகச் சொல்லி முன்னாலேயே கிளம்பிவிடுகிறாள். நிஜமாகவே வேலை இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை.