விடிந்ததும் சொன்ன பதில்

நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள்.

போன வருஷம் வகுப்பில் பேசுவதற்காக ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையை வீட்டில் சொல்லிப் பார்த்தாள். எனக்குத் தமிழில் சொன்னாள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரப் பெண். பாதிரியார் மகள். சின்ன மேசையில் கதை எழுதுவாள். புத்தகத்தில் பேர் கிடையாது. ஒரு பெண் எழுதியது என்று மட்டும் இருக்கும். வசதியான ஒருவன் பெண் கேட்டான். சாயங்காலம் சரி என்றாள். விடிந்ததும் வேண்டாம் என்றாள். கடைசிவரை கல்யாணம் செய்யவில்லை.

அந்த மாதமே கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினிலிருந்து மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல பையன். பட்டறை வேலை. மகள் தலையாட்டினாள். பழத்தட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

காலையில் மகள், "வேணாம்பா," என்றாள்.

"நேத்து சரின்னியே?"

"எல்லாரும் பாத்தாங்க. சொல்லிட்டேன்."

மனைவி கத்தினாள். "அந்த வெள்ளக்காரி செஞ்ச வேல இது!"

"நீயே வந்து சொல்றியா?" என்றேன்.

"அவங்கம்மாவப் பாத்தா பயமா இருக்குப்பா. நீங்க போங்க."

தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாது என்று மனைவி முறுக்கு நிரப்பினாள். மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறிப் போனேன்.

நிறைந்த தட்டைக் கண்டதும் பையனின் அம்மா பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். "வாங்கலா, சம்பந்தி வந்துட்டாரு!" டீ வந்தது. நாலு பேர் வந்தார்கள். நாள் குறிக்கக் காலண்டரும் வந்தது.

டீயைக் குடித்து முடித்தேன். "பொண்ணு வேணாங்குது அக்கா," என்றேன்.

"அப்ப முறுக்கு?"

"தட்டு வெறுமனே வரக்கூடாதுன்னு."

மகள் சொன்ன அந்த எழுத்தாளரின் கதையைச் சொன்னேன்.

"பொறகு என்ன செஞ்சா அவ?" என்றார் பையனின் அம்மா.

"ஆறு புத்தகம் எழுதினாளாம்."

"கட்டியிருந்தா ஆறு புள்ள. புத்தகம் அழாதுலா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். முகம் முழுக்கத் தெளியவில்லை.

பையன் முறுக்கை எடுத்துக் கடித்தான். "வுடுங்கம்மா. மறுநா காலையில சொல்லிட்டாங்க. பத்திரிக அடிச்ச பொறகா சொன்னாங்க?"

அவனை எனக்கு மிகவும் பிடித்தது. என்ன செய்ய.

வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டேன்.

"சொல்லிட்டேன்."

"திட்டுனாங்களாப்பா?"

"டீ குடுத்தாங்க. நீ போய்ப் படி."