மந்திரி என்று சொல்லிவிட வேண்டும்

தென்காசியில் நாங்கள் சதுரங்கம் ஆடிய சங்கத்தில் ஒரு விதி இருந்தது. எதிராளியின் மந்திரிக்கு, அதாவது இப்போது ராணி என்கிற காய்க்கு, குறிவைத்தால் உடனே "மந்திரி!" என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வெட்டினால் காயைத் திருப்பி வைக்க வேண்டும். 1930களில் அங்கே ஆடிய வக்கீல்களும் குமாஸ்தாக்களும் இதை மரியாதை என்றார்கள். பத்திரிகை ஒன்றின் உள்ளூர் நிருபராக இருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு சாரல் காலத்தில், நண்பர்களோடு குற்றாலத்தில் தங்கியிருந்த சென்னை எஞ்சினீயர் ஒருவர் எங்களைப் போட்டிக்கு அழைத்தார். நான்கு பேர் போக வேண்டும். நான்காவது இடம் எனக்கு என்று செயலாளர் சொல்லியிருந்தார். ஆழம் பார்க்க, முந்தின ஞாயிறு எஞ்சினீயரின் பங்களாவுக்குப் போய் ஓர் ஆட்டம் ஆடினேன். அவருடைய குதிரை என் மந்திரியை வெட்டியது.

"சொல்லவே இல்லையே!" என்றேன்.

"எதுக்குச் சொல்லணும்? பலகை உங்க முன்னாடிதானே இருக்கு?"

ஏமாற்றுக்காரன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். ஆட்டங்களை நோட்டில் குறித்துவைப்பது என் வழக்கம். எதிராளி குரல் கொடுத்த இடத்தில் ஒரு புள்ளியும் வைப்பேன். மறுநாள் அந்த ஆட்டத்தைப் பலகையில் மீண்டும் ஆடிப் பார்த்தேன். அந்தக் குதிரை என் கண்முன்னே குறிவைத்து நின்றிருக்கிறது. நான் மூலையில் ஒரு காலாளைத் தள்ளியிருக்கிறேன். பழைய ஆட்டங்களையும் புரட்டினேன். மந்திரியைக் காப்பாற்றிய இடங்களிலெல்லாம் புள்ளி இருந்தது. நானாகக் கண்டு விலக்கியது ஒன்றுகூட இல்லை.

எஞ்சினீயர் மேல் இருந்த கோபம் சங்கத்தின் மேல் திரும்பியது. இத்தனை வருடமும் காதால் ஆடியிருக்கிறேன். என்னை நல்ல ஆட்டக்காரன் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள்!

போட்டி முடியும்வரை யாரும் குரல் கொடுக்கக் கூடாது என்று சங்கத்தில் சொன்னேன். செயலாளரான வக்கீல் சிரித்தார்.

"என்ன வே, ஒரு ஆட்டம் தோத்துட்டு ஊரைத் திருத்த வந்துட்டீரோ?"

"அண்ணாச்சி, அங்கன ஒருத்தனும் சொல்ல மாட்டான். நாலு பேரும் மந்திரியக் குடுத்துட்டு வருவோம்."

"சொல்லாம வெட்டுதவன் மனுசனா? நாமளும் அவன மாதிரி ஆவணுமாக்கும்?"

"எனக்காவது சொல்லாதிய."

அன்று மாலை அவரோடுதான் ஆட்டம். கொஞ்ச நேரத்திலேயே "மந்திரி!" என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கூப்பாடு போடாமல் ஜெயிக்கத் தெரியாதா என்று கேட்டுவிட்டு எழுந்தேன். மரியாதை தெரியாதவன் என்று என் பெயரை அடித்து, ஒரு குமாஸ்தாவைச் சேர்த்தார்கள்.

போட்டியில் நான்கு பலகையிலும் தோற்றார்கள். மறுநாள் செயலாளர் என்னைத் தேடி வந்தார். பங்களாக்காரர்களின் மரியாதைக்கேட்டை நான் பத்திரிகையில் எழுத வேண்டுமாம்.

"மூணு மந்திரி வே! வாயத் தொறக்காம அடிச்சிட்டானுவ."

எந்த நகர்த்தலில் போனது என்று கேட்டேன். தெரியவில்லை. யாராவது குறித்துவைத்தார்களா? இல்லை. தாங்கள் எங்கே தவறினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவமானப்பட்டது மட்டும் நால்வருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு வரிச் செய்தி அனுப்பினேன்: குற்றாலத்தில் சதுரங்கப் போட்டி நடந்தது, தென்காசி அணி எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. மரியாதையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்று செயலாளர் அந்தச் சாரல் முடியும்வரை என்னோடு பேசவில்லை.