அக்கா வளர்த்த செம்பு

அக்கா பத்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டில் செம்பு வளர்ந்தது. அப்போது சிலமலையில் இருந்தோம். அக்கா பஸ் ஏறி போடிக்குப் போய்ப் படித்தாள். நான் உள்ளூர்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு.

அந்த ஆனி மாதத்தில், அக்காவை மாமாவுக்குக் கொடுப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். மாமா, அம்மாவின் கூடப் பிறந்த தம்பி; போடியில் ஏலக்காய் வியாபாரம். தை மாதம் கல்யாணம். பேசி முடித்தவர்கள் அப்பாவும் மாமாவும்தான்; அக்காவுக்குத் தகவல் மட்டும் சொல்லப்பட்டது. "நான் படிக்கணும்" என்று சாப்பிடாமல் கிடந்தாள். இரண்டு நாள் கழித்துத் தானாகவே எழுந்து குளித்துவிட்டு, தட்டு வைத்துச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிள்ளைக்கு மனசு தேறிவிட்டது என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்த சித்தப்பா, ஆடி நோன்புக்கு மலையிறங்கி வந்தார். வந்ததும் பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். உள்ளே நீல நிறத்தில் கற்கண்டு மாதிரி ஏதோ இருந்தது. நான் கையை நீட்டினேன். பட்டென்று தட்டிவிட்டார்.

"துருசு ஆத்தா இது. வெசம். தொட்டா வெரசாக் கையக் கழுவிப்புடணும்."

ஏலச் செடி மழையில் அழுகாமல் இருக்க, சுண்ணாம்போடு கலந்து அடிக்கிற மருந்து அது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா பொட்டலத்தைப் பார்த்தாள். அப்புறம் அக்காவைப் பார்த்தாள்.

"எதுக்குடி இது ஒனக்கு?"

"பள்ளிக்கூடத்துல கண்காட்சிம்மா. இத வச்சு செம்பு வளக்கப் போறேன்."

"செம்பு என்ன கீரையா வளக்குறதுக்கு? வேணும்னாப் பாத்திரக் கடைல வாங்கித் தாரேன்."

சித்தப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பொட்டலத்தை வாங்கித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வேண்டியதை அவள்தான் எடுத்துக் கொடுப்பாளாம்; சாடி அவள் கண் முன்னாலேயே இருக்க வேண்டுமாம்.

துருசு எங்கள் பக்கத்தில் ஏலச் செடிக்கு மட்டும் பயன்பட்ட பொருள் இல்லை. வாழப் பிடிக்காமல் போனவர்கள் அதைத் தேடிப் போனதும் உண்டு. அம்மாவோடு சிறுவயதில் விளையாடித் திரிந்த ஒருத்தி அப்படித்தான் போனாள் என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவுக்கும் விஞ்ஞானத்தில் ஆசை வந்துவிட்டது என்பதுதான்.

ஊறுகாய் போட்டு வைத்திருந்த கண்ணாடிச் சாடியைக் கழுவி, அக்கா அடியில் துருசைப் பரப்பினாள். அதைப் பொடி உப்பால் மூடி, வட்டமாக வெட்டிய மையொற்றுத் தாளை வைத்தாள். தாளின் மேல் இரும்பு ஆணிகளை அடுக்கி, உப்புத் தண்ணீரை மெல்ல ஊற்றினாள். இனி சாடியை அசைக்கக் கூடாது. இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, துருசிலிருக்கிற செம்பு பிரிந்து உப்புக்குள்ளே வளருமாம்.

அம்மா சாடிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்தாள். அக்காவையும் அங்கேயே படுக்கச் சொன்னாள். அக்கா கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே ஒரு குடத்தோடு போனாள். பஸ் வரும்வரை ரோட்டில் கூடவே நின்றாள். சாயங்காலம் பஸ் தாமதமானால் வாசலுக்கும் சாடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். என்னைக் கவனிக்க ஆளில்லை. அந்தச் சாடியை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போயிற்று.

சில வாரங்களில் கண்ணாடி ஓரமாகச் சிவப்பாக ஒரு முளை தெரிந்தது. பிறகு அது கிளைவிட்டது. பெரணி இலைபோல, மீன்முள்போல, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வளர்ந்தது. அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்ப்பாள். அவள் சாடியைப் பார்ப்பாள். அம்மா அவளைப் பார்ப்பாள்.

கண்காட்சிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சாடியைக் கவிழ்த்தார்கள். அக்கா செம்புத் துண்டுகளைப் புளித் தண்ணீரில் அலசித் துடைத்தாள். அடுத்தது கலர் ஏற்றுவது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஒரு தகரத்தைச் சூடாக்கி அதன் மேல் துண்டை வைத்தால், செம்பு முதலில் ஆரஞ்சாகி, ரோஸாகி, ஊதாவாகி, மயில் கழுத்து நீலத்துக்கு வரும். அந்த நேரம் பார்த்து எடுத்துவிட வேண்டும். விட்டால் கறுத்துப் போகும்.

சின்னத் துண்டுகள் இரண்டு நன்றாக வந்தன. எல்லாவற்றிலும் பெரிய துண்டை வைத்தபோது நான் ஏதோ கேட்க, அக்கா என் பக்கம் திரும்பினாள். அதற்குள் நீலம் வந்து போய்விட்டது. துண்டு கரிக்கட்டையானது.

அக்கா இடுக்கியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். கல்யாணப் பேச்சுக்குக்கூட இப்படி அழவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்காவே முகத்தைத் துடைத்துக்கொண்டு, கறுத்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தகரம் ரொம்பச் சூடாயிருச்சும்மா. அடுத்த வருசம் மணலப் பரப்பி அதுமேல வச்சுப் பாக்கணும். சாடியும் பெருசா வேணும். இன்னும் ரெண்டு மாசம் விட்டா வெரல் நீளத்துக்கு வளந்துரும்."

"அடுத்த வருசமா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. அடுத்த வருசம் பாரு, நான் மொதப் பரிசே வாங்குறேன்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தேம்பினாள். மண்ணெண்ணெய்ப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நான் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அம்மா அப்பாவிடம், "அவ பன்னெண்டாவது வரைக்கும் படிக்கட்டும்" என்றாள். அப்பா கத்தினார். அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. சேலை மாற்றிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறி மாமா வீட்டுக்குப் போனாள். வெயில் சாயத் திரும்பி வந்து உலை வைத்தாள்.

கண்காட்சியில், காகிதக் கூழில் அணைக்கட்டு செய்த பையனுக்கு முதல் பரிசு. அக்காவுக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பெரிய சாடி தேடிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தீபாவளிக்கு மாமா வரவில்லை. வருடா வருடம் எனக்கு வெடியும் கவுனும் அவர்தான் கொண்டுவருவார். பொங்கலுக்கும் வரவில்லை. போடிக் கடைவீதியில் ஒருநாள் எதிரே வந்தவர், அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அம்மா என் கையை இறுகப் பிடித்தபடி நடந்தாள்.

"அக்கா ஆறுதல் பரிசு வாங்குனதுக்கா மாமாவுக்குக் கோவம்?" என்று கேட்டேன்.

"ஆமாடி" என்றாள் அம்மா.

நீலம் கறுப்பதற்குள் அந்தப் பெரிய துண்டை எடுத்திருந்தால் மாமா வெடி வாங்கிக்கொண்டு வந்திருப்பார் என்று நம்பி, ரொம்ப நாள் அக்காவின் மேல் வருத்தமாக இருந்தேன்.